உறைமழையில் ஒரு குடிபூரல்

வீரக்குட்டி லொறியில் ஏறுவதற்கு முன் நிலத்தைச் சோதித்துப் பார்ப்பான். ஸ்காபரோவில் ஒரு தளபாடக் கடையின் பின்முற்றத்தில் நிற்கும் அந்த வெள்ளைப் பெட்டி லொறியை நோக்கி நடக்கும்போதே சப்பாத்து நுனியால் பனியைக் கிளறுவான். சில நாட்களில் கையுறையைக் கழற்றி, ஒரு பிடி அள்ளி இறுக்கியும் பார்ப்பான். கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். அவன் பொருட்படுத்துவதில்லை. மட்டக்களப்பில் நெல் லொறி ஓடியவன்தான். ஆனால் ரொறன்ரோவின் பனியைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒவ்வொரு தவறுக்கும் ஒன்றாகச் சேர்த்த பாடங்கள்.

கடும் குளிரில் விழும் தூள் பனி காலடியில் கறுமுறு என்று சத்தமிடும். அதில் சில்லு பிடித்துக்கொள்ளும்; ஆனால் காற்று அதை அள்ளி வீதிக்குக் குறுக்கே வெள்ளைச் சீலை போல இழுக்கும். முதற் குளிர்காலத்தில் அந்தச் சீலைக்குள் பெரிய லைற்றைப் போட்டு, வெளிச்சம் தன் கண்ணிலேயே திரும்பி அடிக்க, ஒரு வீட்டுத் தபாற்பெட்டியை இடித்துச் சாய்த்தான். ஈரப் பனி வேறு வகை. அது கைக்குள் உருண்டையாகும், ஸ்ரியரிங்கைப் பக்கவாட்டில் இழுக்கும். முன்னால் போனவனின் சில்லுத் தடத்திலேயே போகவேண்டும். அதை அறியாமல் தடம் மாறப்போய் அரைநாள் பனிக் குவியலுக்குள் புதைந்து கிடந்தான். சந்திகளில் வாகனங்கள் நின்று நின்று மினுக்கிவிட்ட பனியும் உண்டு. அதில் முதலாம் கியரில் உறுமினால் சில்லு சும்மா சுற்றும்; இரண்டாம் கியரில் மெல்ல எடுக்கவேண்டும்.

இன்னொரு வகை இருந்தது. அதை அவன் ஓட்டிப் பார்த்ததில்லை. அதில் ஓட்டிய வேறொருவனுடைய பேக்கரிப் பாண் வான் ஒருநாள் மல்லாந்து கிடந்ததை மட்டும் பார்த்திருக்கிறான். மேலிருந்து தண்ணீராக விழுந்து, எதில் படுகிறதோ அதில் கண்ணாடியாக இறுகும் உறைமழை. அதில் வீதி வெறுமனே நனைந்தது போலவே இருக்கும். கண் ஏமாறும். அந்த வானின் சில்லுகள் மேலே பார்த்தபடி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்ததை அவன் மறக்கவில்லை.

1987 தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, முற்றத்தில் அவன் சப்பாத்து நுனியால் கிளறப் பனியே இருக்கவில்லை. முதல் நாள் மழை எல்லாவற்றையும் கரைத்துவிட்டிருந்தது. இப்போதும் மெல்லிய தூறல். கால் ஒரு சாண் வழுக்கி நின்றது. லொறிக் கதவின் பிடியைத் தொட்டான். பிடி முழுவதும் வழுவழுவென்ற ஓடு போல் ஏதோ மூடியிருந்தது.

திரும்பிப் போய் ரெலிபோன் எடுத்துச் சொல்லலாம் என்று நினைத்தான். என்ன சொல்வது என்று யோசித்தான். யோசித்துக்கொண்டே கதவில் இறுகியிருந்த ஐஸைத் தட்டி உடைத்து ஏறினான். பெரிய வீதியில் உப்பு லொறி போயிருந்தது; சில்லுகள் ஈரத்தில் 'ஸ்ஸ்' என்று சத்தமிட்டபடி உருண்டன. அவன் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை போலத்தான் இருந்தது.

அன்று சச்சிதானந்தன் வீடு மாறுகிறார். மட்டக்களப்பு ஊர்க்காரர், எழுபதுகளிலேயே வந்து, ஒரு அலுவலகத்தில் கணக்காளராக இருக்கிறார். அடுக்குமாடியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு மில்லிக்கனில் புது வீடு வாங்கியிருந்தார். அன்றைக்கே குடிபூரல்; மத்தியானத்துக்கு முன் அங்கே பால் பொங்கவேண்டும் என்று ஐயர் நேரம் குறித்துக் கொடுத்திருந்தார். வீரக்குட்டியின் முதலாளி ஞாயிற்றுக்கிழமையில் லொறியைத் தருவார். ஒரேயொரு நிபந்தனை: பெட்டிக்குள் ஆட்களை ஏற்றக்கூடாது.

வீரக்குட்டி நாட்டுக்கு வந்த அன்று விமான நிலையத்தில் நின்றவர் சச்சிதானந்தன். முதற் குளிர்காலம் முழுவதும் அவன் படுத்தது அவருடைய சோபாவில். போட்டது அவருடைய கோட்டு. இந்த வேலையும் அவர் வாங்கிக் கொடுத்தது. பின்னேர ஆங்கில வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவர். அந்த வீட்டில் எவரும் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் ஒருவேளை அவர்களிடம் எதையாவது மறுப்பது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுக்குமாடியின் பின்வாசலில் தம்பிமுத்து நின்றான். வீரக்குட்டியின் ஊர்த் தோழன், தொழிற்சாலைத் தொழிலாளி. யார் வீடு மாறினாலும் முதல் ஆளாக வந்து பாரம் தூக்குபவன்.

"டே, என்னடா இது! லொறி வருது எண்டு பாத்தா மாட்டு வண்டில் வருது."

"றோட்டுச் சரியில்ல மச்சான்."

"உனக்கு எண்டைக்குத்தான் றோட்டுச் சரி? ஆடி மாதத்திலயும் நிலத்தைத் தடவிப் பாக்கிற ஆளெல்லோ நீ. வா, வா, தூக்கு."

சாமான்கள் ஏறின. எல்லாவற்றிலும் பாரமானது ஒரு பெரிய ஃப்ரீசர். அதற்குள்ளிருந்த மீனையும் இறைச்சியையும் வெளியே எடுக்காமல், கயிறு சுற்றி அப்படியே தூக்கியிருந்தார்கள். வீரக்குட்டி அதை லொறிப் பெட்டியின் முன்சுவரோடு ஒட்டி நிறுத்தினான். பாரமான சாமான் முன்சுவரோடு நின்றால் திடீர் பிறேக்குக்கும் அசையாது.

சச்சிதானந்தனின் மனைவி பரிமளம் தலைதோய்ந்து, திருநீறு பூசி, பட்டுச் சேலைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். கையில் சாமிப் படங்கள் அடுக்கிய பெட்டி.

"தம்பி, சாமிப் பெட்டியை எங்க வைக்கிற?"

"முன்சுவரோட வைப்பம் அக்கா. அங்கதான் அசையாது."

"அங்க மீன் பெட்டியெல்லோ நிக்குது."

"ஓம் அக்கா. பாரம் முன்னுக்கு நிக்கவேணும்."

"அதுக்குள்ள முழுக்க விளைமீனும் ஆட்டிறைச்சியும் மகனே. பிள்ளையாரையும் அதையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுக்கொண்டு குடிபூரப் போறதா? எனக்கு மனம் ஒப்பல்ல." அவள் குரலை உயர்த்தவில்லை. "உனக்குக் கரைச்சல் எண்டா விடு."

"கரைச்சல் இல்லை அக்கா," என்றான் வீரக்குட்டி உடனே.

தம்பிமுத்து கைகளைத் தட்டிக்கொண்டான். "இதென்ன பெரிய வேலை! சாமி முன்னால, மீன் பின்னால. பிள்ளையாருக்கும் மணக்காது." இருவரும் ஃப்ரீசரைக் கடைசிக் கதவோரம் தள்ளிக்கொண்டு போனார்கள். வீரக்குட்டி அதை இரண்டு கயிற்றால் கட்டினான். முடிச்சை இழுத்துப் பார்த்தான். மறுபடி இழுத்துப் பார்த்தான். திருப்தி வரவில்லை; ஆனால் எல்லாரும் காத்து நின்றார்கள்.

அடுத்தது கார். சச்சிதானந்தனின் கார் வாகனத் தரிப்பிடத்தில் முழுதாக ஒரு கண்ணாடி உறைக்குள் நின்றது. அவர் சுடுதண்ணீர் ஊற்றினார். ஊற்றிய தண்ணீரும் சற்று நேரத்தில் இறுகிப்போனது. இரண்டு கையாலும் கதவுப் பிடியை இழுத்தார். பிடி முறிந்து அவர் கையோடு வந்தது. எங்கேயோ ஒரு மரக்கொப்பு துவக்கு வெடித்தது போன்ற சத்தத்தோடு முறிந்து விழுந்தது.

"ராக்சிக்குப் போன் அடிச்சுப் பாத்தனான்," என்றார் சச்சிதானந்தன். "இந்த மழைக்கு ஓடமாட்டாங்களாம். ஒருத்தனும் வாறானில்ல."

ராக்சிக்காரர்களால் சொல்ல முடிகிறது, என்று நினைத்தான் வீரக்குட்டி. அவர்களுக்கு இவர்கள் யாரோ.

"அப்ப என்ன, எல்லாரும் லொறியில போவம்," என்றான் தம்பிமுத்து. "அண்ணன் முன்னுக்கு ஏறட்டும். நாங்க சோபாவைப் போட்டுப் பெட்டிக்குள்ள இருப்பம். ஊரில லொறியில போகாத ஆக்களா?"

சச்சிதானந்தனின் எட்டு வயது மகள் பேபி துள்ளினாள். "யெஸ்! ஐ வான்ட் டு கோ இன் த பாக்ஸ்! தம்பிமுத்து மாமாவோட! அம்மா, ப்ளீஸ், இட்ஸ் லைக் கேம்பிங்!"

வீரக்குட்டி சச்சிதானந்தன் பக்கம் திரும்பினான். "அண்ணன்," என்றான். "பெட்டிக்குள்ள ஆக்களை ஏத்தக்கூடாது. அதோட இந்த மழை... கொஞ்ச நேரம் பாத்துப் போவமா? உப்புப் போடுற லொறி எல்லா றோட்டுக்கும் வந்த பிறகு?"

அவன் எண்ணியதைவிடக் குரல் சிறிதாகத்தான் வந்தது. அது ஒரு மறுப்பா, வெறும் யோசனையா என்று அவனுக்கே விளங்கவில்லை.

தம்பிமுத்து சிரித்தான். "மழைக்குப் பயந்த சாரதியை இப்பதான் காணுறன். வாவியில தோணி விட்டவனடா நீ!"

சச்சிதானந்தன் சிரிக்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அவன் தோளில் கையை வைத்தார். "தம்பி, நேரம் தப்பினா இனி பங்குனிக்குப் பிறகுதான் நாள் வருதாம். உன்னை நான் வற்புறுத்தல்ல. உனக்கு ஏலாதெண்டா சொல்லு, நான் வேற ஆரையும் கேக்கிறன். ஏலுமா?"

வேறு யாருமில்லை என்பது இருவருக்கும் தெரியும். அந்தக் கை தோளில் கனிவாகத்தான் கிடந்தது. விமான நிலையத்தில் அவனுடைய பெட்டியை வாங்கிய அதே கை. முகத்தாட்சணியத்தில் யாரும் கழுத்தைப் பிடித்து நெரிப்பதில்லை. அன்போடு பார்க்கும் ஒரு முகத்துக்கு முன்னால் தொண்டை தானாகவே அடைத்துக்கொள்ளும்.

"ஏலும் அண்ணன்," என்றான்.

பரிமளமும் பேபியும் தம்பிமுத்துவும் சோபாவில் உட்கார்ந்தார்கள். முன்னால் சாமிப் பெட்டி, பின்னால் ஃப்ரீசர், நடுவே அவர்கள். தம்பிமுத்து ரோச் லைற்றைத் தாடைக்குக் கீழே பிடித்துப் பேய் முகம் காட்ட, பேபி கிரீச்சிட்டுச் சிரித்தாள். வீரக்குட்டி சுருள்கதவை இழுத்து இறக்கினான். சிரிப்பு பாதியில் அமுங்கியது. வெளித் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றான். தாழ்ப்பாளைப் போட்டால் உள்ளே இருப்பவர்களால் திறக்க முடியாது. போடாவிட்டால் கதவு மேலே எழும்பி, அவர்கள் வீதியில் விழலாம். இரண்டையும் ஒன்றுக்கு எதிர் ஒன்றாக நிறுத்துப் பார்த்தான். இப்படி நிறுத்துப் பார்க்கவேண்டிய நிலையே பிழை என்று மனதின் ஒரு மூலை சொன்னது. தாழ்ப்பாளைப் போட்டான்.

சச்சிதானந்தன் அவன் பக்கத்தில் இருந்தார். மடியில் பித்தளைக் குடம், அதற்குள் பால் போத்தல். பெரிய வீதியில் லொறி ஒழுங்காகப் போனது. முதுகுக்குப் பின்சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. ஊர் பஸ் கொண்டக்டர் போல் தம்பிமுத்து இரண்டு தட்டுத் தட்டி "றைற், றைற்!" என்று கத்தினான். பேபியும் சேர்ந்து தட்டினாள்.

"பாத்தியா, ஒண்டுமில்ல," என்றார் சச்சிதானந்தன். "நீ சும்மா பயந்தாய்."

வடக்கே போகப்போக வீடுகள் குறைந்தன. மில்லிக்கன் பக்கம் அப்போது பாதி வயல், பாதி புது வீடு. வயல் வேலிகள், கம்பிகள், காய்ந்த புற்கள் எல்லாம் கண்ணாடிக்குள் நின்றன. மின்கம்பிகள் பாரத்தில் தொய்ந்து கிடந்தன. எதிரே ஒரு வாகனமும் வரவில்லை. துடைப்பான்கள் கண்ணாடியில் கரகரவென்று தேய்த்தன. ஒவ்வொரு தேய்ப்புக்கும் பார்வைக்கான இடம் சுருங்கியது.

பக்க வீதிக்குத் திரும்பிச் சிறிது தூரம் போனதும் வீரக்குட்டி தலையைச் சரித்து எதையோ கேட்டான்.

"என்ன தம்பி?"

"சத்தம் நிண்டுட்டு அண்ணன்."

"என்ன சத்தம்?"

"சில்லுச் சத்தம். ஈரத்தில ஓடினா ஸ்ஸ் எண்டு கேக்கும். இப்ப கேக்கல்ல."

"நல்லதுதானே," என்றார் சச்சிதானந்தன்.

வீரக்குட்டி மறுபடி காதைக் கொடுத்தான். சில்லு தண்ணீரைக் கிழித்தால்தான் சத்தம். கிழிக்கத் தண்ணீர் இல்லையென்றால் கீழே இருப்பது தண்ணீர் அல்ல. ஸ்ரியரிங் கைக்குள் எடையே இல்லாமல் இலேசாக இருந்தது. பின்னால் ஃப்ரீசரின் பாரம் வாலை அமத்த, முன்சில்லுகள் நிலத்தில் சரியாக உட்காரவில்லை. அவன் அக்சிலரேற்றரில் இருந்து காலை மெதுவாக எடுத்தான். நிறுத்தக் கூடாது, நிறுத்தவும் முடியாது. வேகம் தானாகக் குறையவேண்டும்.

முன்னால் வீதி ஓர் ஓடையை நோக்கிச் சரிந்தது. அடியில் ஒரு சிறிய பாலம். நிலத்தின் சூடு கீழே இல்லாததால் பாலந்தான் முதலில் உறையும். அது அவனுக்குத் தெரியும். பாலத்துக்கு அப்பால் ஒரு கார் குறுக்காக நின்றது. அதன் சாரதி வெளியே நின்று இரண்டு கைகளையும் விசுக்கினார்.

வீரக்குட்டி கியரைக் குறைத்தான். லொறி முனகியது, வேகம் சற்றுத் தணிந்தது. அந்தக் காரின் இடது பக்கத்தில் ஒரு லொறி நுழைய இடம் இருந்தது. மெல்ல, பிறேக்கில் காலை வைக்காமல், அந்த இடைவெளியைப் பார்த்து விட்டால் போதும். அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். சரியாகவும் செய்துகொண்டிருந்தான்.

"பிறேக்!" என்று கத்தினார் சச்சிதானந்தன். "தம்பி, பிறேக்! பிறேக்கைப் போடு!"

பிறேக்கை மிதிக்கக்கூடாது என்று வீரக்குட்டிக்குத் தெரியும். தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியும். ஆனால் அந்தக் குரல் சொன்ன எதையும் மூன்று வருடமாக அவன் மறுத்ததில்லை. கால் அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிந்தது.

சில்லுகள் இறுகின. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு லொறியின் வால் மெதுவாக, மிக மெதுவாக, முன்னுக்கு வரத் தொடங்கியது. வேலி சுற்றியது, வயல் சுற்றியது, வந்த பாதை கண்ணாடிக்கு முன்னால் வந்து போனது. பித்தளைக் குடம் மடியிலிருந்து எழும்பியது. பாலத்தின் இரும்புத் தடுப்பில் பெட்டியின் பக்கம் மோதிய சத்தத்துக்குள் இன்னொரு சத்தமும் கேட்டது. பெட்டிக்குள் பாரமான ஏதோ ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு முன்னுக்கு ஓடி, எதிலோ இடித்து நின்ற சத்தம்.

லொறி தடுப்பில் சாய்ந்தபடி நின்றது. கால்மாட்டில் பால் வடிந்தது. மழை கூரையில் அதே மெல்லிய சத்தத்தோடு பெய்துகொண்டிருந்தது. வீரக்குட்டி திரும்பிப் பின்சுவரில் தட்டினான். பதிலுக்குத் தட்டு வரவில்லை. இன்னும் பலமாகத் தட்டினான்.

கதவைத் திறந்து இறங்கினான், விழுந்தான், எழுந்து லொறியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனான். பெட்டி நெளிந்து தாழ்ப்பாள் இறுகிவிட்டிருந்தது. அவன் போட்ட தாழ்ப்பாள். கையால் அடித்தான், காலால் உதைத்தான். "அக்கா! தம்பிமுத்து! பேபி!" சச்சிதானந்தன் நெற்றியில் இரத்தத்தோடு தவழ்ந்து வந்து அவன் பக்கத்தில் நின்றார். 

உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "அப்பா... மாமா இஸ் நொட் மூவிங்."

அந்தக் காரின் சாரதி ஓர் இரும்புக் கம்பியைக் கொண்டுவந்தார். மூன்று பேரும் நெம்பியபோது கதவு பாதி திறந்தது. ரோச் லைற் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் உறைந்த மீன்கள் நிலமெங்கும் சிதறிக் கிடந்தன. பரிமளம் ஒரு கையை மற்றக் கையால் தாங்கியபடி முன்சுவரோடு ஒடுங்கியிருந்தாள். பேபி சோபாவின் சாய்மானத்துக்கு மேலே, சாமிப் பெட்டிக்கும் கூரைக்கும் நடுவில் இருந்தாள். அவளைத் தூக்கி அங்கே எறிந்தவன் தம்பிமுத்து. எறிந்தவனுக்குத் தான் விலக நேரம் கிடைக்கவில்லை. அவனுடைய வலது கால் ஃப்ரீசருக்கும் சோபாவின் இரும்புச் சட்டத்துக்கும் இடையில் இருந்தது.

அம்புலன்சும் வழுக்கி வழுக்கித்தான் வந்து சேர்ந்தது.

பின்னேரம், வைத்தியசாலை. பரிமளத்தின் கைக்கு மாக்கட்டுப் போட்டிருந்தார்கள். பேபிக்குக் காயமில்லை, ஆனால் யார் கேட்டாலும் பேசவில்லை. தம்பிமுத்துவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வந்தது என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார். நாளெல்லாம் நின்றபடி வேலை செய்பவன் அவன்.

சனம் கூடிவிட்டது. ஒஷாவா நகரிலிருந்து முதல் நாளே வந்து, புது வீட்டில் பால் பானையோடு காத்திருந்த பரிமளத்தின் தம்பி சீனித்தம்பியும் அவன் மனைவி தெய்வநாயகியும் ஓடி வந்திருந்தார்கள்.

"கண்ணூறுதான் அக்கா," என்றாள் தெய்வநாயகி. "வீடு வாங்கினதில எத்தின பேருக்கு வயிறெரிவு."

"நேரம் தப்பினதால வந்தது," என்றார் இன்னொருவர்.

வீரக்குட்டியிடம் எல்லாரும் வந்து, "உன்ட பிழை இல்லை தம்பி, நீ என்ன செய்வாய்," என்றார்கள். அவன் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தான். யாருக்கும் அதில் நம்பிக்கை இருப்பதாகத் தெரியவில்லை. முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லாமல் சொன்னார்கள்.

நடைபாதையின் மூலைக்குச் சச்சிதானந்தன் அவனைக் கூட்டிக்கொண்டு போனார். நெற்றியில் தையல்.

"பொலிஸ் வருது தம்பி. நீ ஒண்டும் கதையாத, நான் கதைக்கிறன். ஆக்கள் உனக்குத் தெரியாம ஏறினவங்க எண்டு சொல்லுவம். நீ சாமான் மட்டும்தான் எண்டு நினைச்சுக் கதவை இழுத்தனி. உன்ட அகதி வழக்கும் முடியல்ல. மனுசி பிள்ளையைக் கூப்பிட வேணுமெல்லோ? லைசென்சும் போய், வேலையும் போனா என்ன செய்வாய்? தம்பிமுத்துவும் மாட்டன் எண்டு சொல்லமாட்டான். சரியா?"

காலையில் கிடந்த அதே கை மறுபடி தோளில் வந்து கிடந்தது. இப்போதும் அது அன்போடுதான் கிடந்தது. அவர் அவனைக் காப்பாற்றத்தான் பார்த்தார். வீரக்குட்டிக்கு மட்டக்களப்பில் காத்திருக்கும் மனைவி தங்கேஸ்வரியின் முகம் நினைவுக்கு வந்தது. பிறகு இறுகிப்போன தாழ்ப்பாள் நினைவுக்கு வந்தது.  

"ஏலாது அண்ணன்," என்றான்.

சச்சிதானந்தன் கையை எடுத்தார்.

"ஏலாது," என்றான் மறுபடி. இரண்டாவது முறை குரல் சற்றுத் திடமாக வந்தது. "தெரிஞ்சுதான் ஏத்தினன். தெரிஞ்சுதான் பூட்டினன். பிறேக்கை மிதிச்சதும் என்ட கால்தான். அதைத்தான் நான் சொல்லப்போறன். என்ட இங்கிலீசு காணாது. நீங்க உள்ளபடி இங்கிலீசில மாத்திச் சொல்லுங்க."

பொலிஸ்காரர் இளைஞர். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் கேட்டார், சச்சிதானந்தன் தமிழில் கேட்டார், வீரக்குட்டி தமிழில் சொன்னான். ஃப்ரீசரைப் பின்னால் மாற்றியதைச் சொன்னான். முதலாளியின் நிபந்தனையைச் சொன்னான். தாழ்ப்பாளைச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டுச் சச்சிதானந்தனின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். உண்மை இனி அந்த வாய் வழியாகத்தான் போகவேண்டும்.

சச்சிதானந்தன் நெற்றித் தையலைத் தொட்டுப் பார்த்தார். பொலிஸ்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் ஒவ்வொன்றாக, ஒரு சொல்லும் விடாமல், ஆங்கிலத்தில் சொன்னார். முடிந்துவிட்டது என்று பொலிஸ்காரர் திரும்பியபோது, கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். பின்னேர வகுப்பில் படித்த ஆங்கிலம் வீரக்குட்டிக்கு அதை விளங்கப் போதுமாக இருந்தது. "இவன் விரும்பவில்லை. காத்திருப்போம் என்று சொன்னான். நான்தான் இரண்டாம் முறை கேட்டேன். பிறேக்கைப் போடச்சொல்லிக் கத்தியதும் நான்தான்."

வழக்கு வரும், இருவரையும் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டுப் பொலிஸ்காரர் போனார்.

சீனித்தம்பிக்குப் பொறுக்கவில்லை. "என்ன மச்சான் நீங்க? உங்கட வாயாலயே உங்களை மாட்டிவிட்டுட்டு நிக்கிறீங்க. விதியெண்டு விட்டிருக்கலாமே."

"விதியில்ல," என்றார் சச்சிதானந்தன். அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "கண்ணூறும் இல்லை, நேரமும் இல்லை. இவனுக்கு எல்லாப் பனியும் தெரியும். எங்கட முகத்தைப் பாத்து ஏலாதெண்டு சொல்லத்தான் தெரியாது. அது இவன்ட பிழை. சொல்லவிடாம அன்பாய்க் கேட்டுக்கொண்டு நிண்டது என்ட பிழை. அந்தப் பொடியன்ட கால் போனது எங்கட முகத்தாட்சணியத்தால. பனி ஆருக்கும் முகம் பாக்காது. ஓட்டுறவனுக்குப் பயமெண்டா வெக்கப்படாம வாய்விட்டுச் சொல்லவேணும். அவன் சொன்ன பிறகு, ஆரா இருந்தாலும் ரெண்டாந்தரம் கேக்கக்கூடாது."

 யன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. வீதி விளக்குகளின் கீழ் நிலம் நனைந்தது போல மினுங்கியது.

சற்று நேரம் கழித்துத் தெய்வநாயகி கோட்டை எடுத்துக்கொண்டு எழும்பினாள். "இஞ்சேருங்க, நாளைக்கு விடிய வேலையெல்லோ. வெளிக்கிடுவமா?"

சீனித்தம்பி யன்னலடிக்குப் போய் வெளியே பார்த்தான். ஒஷாவாவுக்குப் போகும் நெடுஞ்சாலையை நினைத்தான் போலும். கார்ச் சாவியைக் கைக்குள் இரண்டு தரம் உருட்டினான்.

"எனக்குப் பயமாக் கிடக்கு," என்றான். "இண்டைக்கு நான் ஓடல்ல."

தெய்வநாயகி வாயைத் திறந்தாள். வீரக்குட்டியைப் பார்த்தாள். பிறகு கோட்டைக் கதிரையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஒருவரும் சீனித்தம்பியை இரண்டாந்தரம் கேட்கவில்லை.